"என் குணமே அப்படித்தான்" என்பவர்களுக்கு: தன்னைக் கவனித்துப் பழக்கத்தை மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

"என் குணமே அப்படித்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இருப்பதில்லை. கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் இந்த வசனம் அடிக்கடி காதில் விழுகிறது. கோபக்காரர், சோம்பேறி, கைநிறையச் செலவழிக்கிறவர், எல்லாவற்றையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுகிறவர் என்று நமக்கு நாமே பெயர் வைத்துக்கொள்கிறோம். பிறகு அந்தப் பெயருக்குள்ளேயே குடியிருந்துவிடுகிறோம்.

குணம் என்று நாம் சொல்வதைக் கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், பெரும்பாலும் ஒரே ஆட்களோடு திரும்பத் திரும்ப நடக்கிற சில செயல்கள்தான் தெரியும். நியாயமான செயல்களைச் செய்து செய்துதான் ஒருவர் நியாயமானவர் ஆகிறார் என்று அரிஸ்டோட்டில் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டார். ஆகவே "நான் எப்படிப்பட்ட ஆள்?" என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, "நேற்றுப் பின்னேரம் 7 மணிக்கு நான் என்ன செய்தேன்?" என்று கேட்பது அதிக தூரம் கொண்டுபோகும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

தேவையானவை அதிகமில்லை. ஒரு சின்னக் கொப்பி, ஒரு பேனை, நாளுக்குப் பத்து நிமிடம். ஆனால் மூன்று மாதம் அளவுக்காவது விடாமல் செய்ய மனம் வேண்டும். ஒரு கிழமையில் ஆளே மாறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொடங்க முதல் தெரிந்திருக்க வேண்டியது

நம் செயலுக்கு நாமே சொல்லும் காரணம் பல நேரம் பிழையாக இருக்கும். இதை ஏற்றுக்கொள்ளாமல் தன்னாய்வில் இறங்கினால் வீண் அலைச்சல்தான்.

1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமொத்தி வில்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை விவரித்தார்கள். ஒரு கடையில் நான்கு சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருகிறவர்களிடம் கேட்டார்கள். நான்கும் அச்சொட்டாக ஒன்றே. ஆனால் வலது கைப்பக்கக் கடைசியில் இருந்ததைத் தெரிவு செய்தவர்கள், இடது கைப்பக்கக் கடைசியில் இருந்ததைத் தெரிவு செய்தவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. ஏன் அதை எடுத்தீர்கள் என்று கேட்டபோது ஒருவரும் "அது வலது பக்கத்தில் இருந்தது" என்று சொல்லவில்லை. வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டால், அப்படி இருக்கவே முடியாது என்றார்கள். புறக்கோட்டையில் துணிக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இதுதான் நல்ல துணி" என்று சாதிக்கும் நமக்கும் இது பொருந்தக்கூடும்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. காரணம் கேட்டால் மனம் ஒரு நல்ல காரணத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது, நாமும் அதை நம்பிவிடுகிறோம். "அம்மா எந்நேரமும் நச்சரிக்கிறா, அதனால்தான் கத்துகிறேன்" என்பதும் அப்படித் தயாரித்துக் கொடுக்கப்பட்ட காரணமாக இருக்கலாம். செட்டியார் தெருவில் நகை விற்கப் போனால் "இது நல்ல பவுண்" என்று நாம் சொல்வதை யாரும் எடுப்பதில்லை, உரைத்துத்தான் பார்ப்பார்கள். நம்மைப் பற்றி நாமே சொல்வதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: ஒரே ஒரு செயலைத் தெரிவு செய்யுங்கள்

"பொறுமையாக இருக்க வேண்டும்", "ஒழுங்காக வாழ வேண்டும்", "தன்னம்பிக்கை வேண்டும்" என்று எழுதாதீர்கள். இவை விருப்பங்கள், இவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. பக்கத்தில் இருக்கும் ஒருவர் பார்த்து "ஆம், இது நடந்தது" என்று சொல்லக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

பொறுமை என்பதற்குப் பதிலாக, "வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சத்தம் போடுவது". ஒழுங்கு என்பதற்குப் பதிலாக, "படுக்கையில் போனை வைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டுவது". சிக்கனம் என்பதற்குப் பதிலாக, "சம்பளம் வந்த கிழமையில் ஒவ்வொரு நாளும் ஓட்டோவில் போவது". பிள்ளையின் படிப்பு என்றால், "கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கொப்பியைப் பறித்து நானே செய்துவிடுவது".

பல இருந்தால் எதை எடுப்பது? உங்களுக்கு வெட்கமாக இருப்பதைவிட, வீட்டில் இன்னொருவருக்கு நோகிறதை முதலில் எடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். காலையில் எழுந்து ஓடாவிட்டால் உங்களுக்கு மட்டும்தான் நட்டம். உங்கள் சத்தத்தைக் கேட்டு ஒருவர் வாய் மூடிக்கொள்கிறார் என்றால் அது காத்திருக்கக் கூடாத காரியம்.

படி 2: ஏழு நாள் சும்மா பாருங்கள்

அநேகமானோர் இந்தப் படியைத் தாண்டி ஓடிவிடுவார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். இந்த ஏழு நாளும் எதையும் மாற்ற முயல வேண்டாம். செயல் நடந்தால் எழுதுங்கள், நடக்காத நாளையும் எழுதுங்கள். நடக்காத நாள்தான் பல நேரம் கூடுதலாகச் சொல்லித்தரும்.

எழுத வேண்டியவை: நேரம், இடம், பக்கத்தில் யார், உடம்பு எப்படி இருந்தது (பசி, களைப்பு, தலையிடி), அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. காரணம் எழுத வேண்டாம். "ஏனென்றால்" என்ற சொல் கொப்பியில் வந்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

கொழும்பில் வாழும் நமக்கு இதில் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, மொழி. பஸ்ஸில் சிங்களம், ஒபிஸில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று ஒரே நாளில் மூன்றும் ஓடுகின்றன. எந்த மொழியில் ஏசினீர்களோ அந்த மொழியிலேயே, வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். ஒபிஸ் ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாம் மரியாதையான அறிக்கை மாதிரி ஆகிவிடும், நடந்தது மறைந்துவிடும்.

இரண்டாவது, இடம். இரண்டு அறை பிளட்டில் ஐந்து பேர் இருக்கும்போது தனியாக உட்கார்ந்து எழுத மூலை கிடையாது, எழுதி வைத்தாலும் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள். சுருக்கமாக, உங்களுக்கு மட்டும் விளங்கும்படி எழுதுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உண்டு, மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி பத்து நிமிடம் இருக்கலாம். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் என்றால் கோயிலிலோ தேவாலயத்திலோ கூட்டம் இல்லாத நேரம் பார்த்து ஒரு ஓரமாக இருக்கலாம். ஒன்றும் சரிவராவிட்டால் போனில் எழுதுங்கள். ஆனால் எழுதி முடிந்ததும் போனை மூடிவிட வேண்டும்.

ஒருவரை வைத்துக்கொள்வோம். 34 வயது, புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார், வெள்ளவத்தையில் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறார். தன்னைக் கோபக்காரி என்று நினைத்திருப்பவர். அவருடைய கொப்பி இப்படி இருக்கலாம்:

திங்கள். 6.50. வாசல். அம்மா "என்ன பிள்ளை, இண்டைக்கும் லேட்டோ" என்றா. கத்தினேன். மத்தியானம் ஒரு பணிஸ்தான் சாப்பாடு. 100 பஸ்ஸில் முழுத் தூரமும் நின்றபடி.

செவ்வாய். 6.35. வாசல். அம்மா அதே கேள்வி. "ஓம் அம்மா" என்றேன். பஸ்ஸில் சீட் கிடைத்தது.

புதன். 7.10. குசினி. அம்மா கரண்ட் பில் பற்றிக் கேட்டா. கத்தினேன். படியேறும்போது முதலாளியின் மெசேஜ்: அது முடிந்ததா?

வியாழன். ஒன்றுமில்லை. தம்பி நேரத்தோடு வந்திருந்தான், அம்மா அவனோடு கதைத்துக்கொண்டிருந்தா.

வெள்ளி. 6.45. வாசல். கத்தினேன். சரியான பசி. படியில் மெசேஜ்.

சனி. அரை நாள் வேலை. ஒன்றுமில்லை.

ஞாயிறு. நாள் முழுக்க அம்மாவோடு. ஒன்றுமில்லை. பின்னேரம் இருவரும் காலிமுகத்திடலுக்குப் போனோம்.

படி 3: கொப்பியை வாசியுங்கள்

ஏழாம் நாள் இரவு உட்கார்ந்து, இது வேறு யாருடையதோ கொப்பி என்று நினைத்து வாசியுங்கள்.

மேலே உள்ளதைப் பாருங்கள். "நான் கோபக்காரி" என்ற பேச்சு ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்துவிடுகிறது. ஒரு நாள் முழுக்க அம்மாவோடு இருந்தும் கோபமே வரவில்லை. "அம்மா நச்சரிக்கிறா" என்பது செவ்வாய்க்கிழமையில் விழுகிறது. அதே கேள்விதான், ஆனால் பதில் "ஓம் அம்மா". மூன்று தரம் கத்தியதும் வேலை நாளில், வீட்டுக்குள் வந்த கையோடு. மூன்றில் இரண்டில் பசி, இரண்டில் படிக்கட்டில் பார்த்த மெசேஜ். மூன்று சம்பவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது, சரி. இன்னும் ஒரு கிழமை பார்க்கலாம். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது: புறக்கோட்டையில் பஸ் ஏறும் நேரத்துக்கும் வீட்டுக்குள் வந்து ஐந்து நிமிடத்துக்கும் இடையில்.

இப்படி இடத்தையும் நேரத்தையும் தேடுவதற்குக் காரணம் உண்டு. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தாங்கள் செய்துகொண்டிருப்பதைக் குறித்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 43 வீதம் அநேகமாக ஒவ்வொரு நாளும், வழக்கமான அதே இடத்தில், பெரும்பாலும் மனம் வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது நடப்பவை. ஒரு செயல் பலமுறை நடந்து பழகிவிட்டால் மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் காங்லியா என்ற பகுதி அதைக் கையில் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு இடத்தைக் கண்டாலே போதும், செயல் தொடங்கிவிடும். நீங்கள் தீர்மானித்துத்தான் கத்துகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். பல நேரம் வாசற்படிதான் தொடக்கிவைக்கிறது.

படி 4: இப்போது மட்டும் "ஏன்" என்று கேளுங்கள்

காரணத்தை இவ்வளவு நேரமும் தள்ளிவைத்தோம். நடந்தது கையில் இருக்கும்போதுதான் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வரும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள். "நான் ஏன் இப்படி?" என்று கேட்டால் பிள்ளைப் பருவம், ஜாதகம், அப்பாவின் குணம் என்று எங்கெங்கோ போய்விடும். "அந்தக் கேள்வியில் எந்தச் சொல் என்னைக் குத்தியது?" என்று கேளுங்கள். நம் உதாரணத்துப் பெண்ணுக்கு அது "லேட்" என்ற சொல்லாக இருக்கலாம். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறார். படியில் முதலாளி "முடிந்ததா?" என்கிறார், வாசலில் அம்மா "லேட்டோ?" என்கிறா. இரண்டும் ஒரே இடத்தில் போய் விழுகின்றன: எவ்வளவு செய்தாலும் போதாது. முதலாளிக்குச் சொல்ல முடியாத பதிலை அம்மாவுக்குச் சொல்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கிற நேரம் நெஞ்சு கனக்கும். இவ்வளவு நாளும் அம்மா வாங்கியது அம்மாவுக்குரியதே இல்லை என்று தெரியும்போது வேறெப்படி இருக்கும்? அந்தக் கனத்தை மதியுங்கள். நான் தன்னறிவு என்று சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

எழுதும்போது "நான்" என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைச் சொல்லி, "அவள் படியேறினாள், மெசேஜைப் பார்த்தாள்" என்று எழுதிப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் க்ரொஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான நேரத்தில் தன்னைத் தன் பெயரால் அழைத்து உள்ளுக்குள் கதைத்தவர்கள் "நான், எனக்கு" என்று கதைத்தவர்களைவிட நிதானமாக இருந்தார்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பிறத்தியாருக்குக் காட்டும் இரக்கம் அந்த எழுத்தில் நம்மீதும் கொஞ்சம் விழும்.

இங்கே ஒரு எச்சரிக்கை

தன்னைப் பற்றி யோசிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆர்வத்தோடு பார்ப்பது, மற்றது அரைத்த மாவையே அரைப்பது. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை உளவியலாளர்கள் 1990களிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். இரண்டாவது வகை மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதைச் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டு ஆராய்ந்தார்.

எப்படிப் பிரித்தறிவது? கொப்பியில் மூன்று நாளாக ஒரே வசனம் வருகிறதா? எழுதி முடித்ததும் செய்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சுகிறதா? நித்திரை கெடுகிறதா? அப்படியானால் அன்றைக்குக் கொப்பியை மூடிவிட்டு எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். ஒரு கிழமைக்கு மேல் இப்படியே இருந்தால், சாப்பாடும் வேலையும் பிடிக்காமல் போனால், வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஒருதரம் வந்தாலும், இந்த வழிகாட்டி அதற்குப் போதாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926-க்கு அழையுங்கள், அல்லது வைத்தியரைப் பாருங்கள். "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அழையுங்கள்.

படி 5: "இப்படி வந்தால் இப்படிச் செய்வேன்"

புரிந்துகொண்டதை இப்போது ஒரு வசனமாக மாற்ற வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த முறையை விரித்துச் சொன்னார்: எந்தச் சூழ்நிலையில், எந்தச் செயல் என்பதை முன்கூட்டியே பொருத்திவைப்பது. 2006-இல் அவரும் பஸ்கால் ஷீரனும் 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, வெறும் விருப்பத்தைவிட இப்படித் திட்டம் போட்டவர்கள் தங்கள் இலக்கை அடைவதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

நம் உதாரணத்தில்:

"புறக்கோட்டையில் பஸ் ஏற முதல் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவேன்."

"எங்கள் பிளட்டின் கேற்றைத் தொட்டதும் போனைப் பையின் அடியில் போடுவேன். சாப்பிட்ட பிறகுதான் எடுப்பேன்."

"அம்மா கேள்வி கேட்டால் முதலில் செருப்பைக் கழற்றுவேன், பிறகு பதில் சொல்வேன்."

மூன்றும் எவ்வளவு சின்னவை என்று பாருங்கள். கேற், செருப்பு, வாழைப்பழம் என்று எல்லாமே கையால் தொடக்கூடியவை. "கோபம் வந்தால் பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் அது வேலை செய்யாது, ஏனென்றால் கோபம் வந்த பிறகு அந்த வசனத்தை நினைக்க ஆள் இருக்காது. கோபத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் இருக்கிற பொருளைப் பிடியுங்கள்.

"செய்யமாட்டேன்" என்று முடியும் வசனங்களையும் தவிருங்கள். அந்த இடத்தில் வேறெதைச் செய்வது என்று கைக்குத் தெரிய வேண்டும். இரவில் போன் பார்ப்பவர் "பார்க்கமாட்டேன்" என்று எழுதுவதைவிட, "பல் விளக்கியதும் போனைக் குசினியில் சார்ஜில் போட்டுவிட்டு வருவேன்" என்று எழுதலாம். நாள்தோறும் ஓட்டோவில் போகிறவர், சம்பள நாள் பின்னேரமே ஒரு கிழமைக்கான பஸ் காசைச் சில்லறையாக எடுத்துவைக்கலாம்.

முடிந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல் சொல்லுங்கள். "அம்மா, வந்தவுடன எனக்கொரு பத்து நிமிசம் தாங்கோ. அதுக்குப் பிறகு என்னவும் கேளுங்கோ." இதைக் கேட்பது வெட்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மாமாருக்கு இது பெரிய நிம்மதி. பிள்ளை ஏன் சீறுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பாரம்.

படி 6: நாள் கணக்கு

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதன் வேர், மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960-இல் எழுதிய ஒரு குறிப்பு. தன் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழக ஆகக் குறைந்தது 21 நாள் ஆவதாக அவர் கவனித்திருந்தார். நாளடைவில் "ஆகக் குறைந்தது" என்பது காணாமல் போய்விட்டது.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர். 96 பேர் தங்களுக்குப் பிடித்த ஒரு சின்னச் செயலை, உதாரணமாக மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவதை, 12 கிழமை செய்தார்கள். செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர வரிசையில் நடுவில் நிற்கும் ஒருவருக்கு 66 நாள் எடுத்தது. ஆனால் ஆளுக்கு ஆள் கணிப்பு 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது (12 கிழமையைத் தாண்டியவை கணக்குப் போட்டு ஊகித்தவை). ஒரு நாள் தவறவிட்டதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்றும் கண்டார்கள். இந்தக் கடைசி விடயத்தை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் நம்மில் அநேகர் ஒரு நாள் தவறியதும் "எனக்கு இது சரிவராது" என்று முழுவதையும் கைவிட்டுவிடுகிறோம்.

தவறுவதற்குக் கொழும்பு வாழ்க்கையில் வாய்ப்பு நிறைய. நீண்ட விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ஹட்டனுக்கோ போவீர்கள். அங்கே கேற்றும் இல்லை, 100 பஸ்ஸும் இல்லை, பழக்கத்தைத் தொடக்கிவைக்கும் பொருள் ஒன்றும் இல்லை. திரும்பி வந்த முதல் வேலை நாளில் பழையது மறுபடியும் தலை தூக்கும். ஊரிலிருந்து வரும் ரயிலிலோ பஸ்ஸிலோ இருக்கும்போதே அந்த மூன்று வசனங்களையும் ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

படி 7: வீட்டாரைக் கேளுங்கள்

எமிலி ப்ரோனின் குழுவினர் 2002-இல் காட்டியது இது: பக்கச்சார்பு மற்றவர்களிடம் இருப்பதை நன்றாகக் காண்கிறோம், அதே பக்கச்சார்பு நம்மிடம் குறைவு என்று நம்புகிறோம். எனவே கொப்பி மட்டும் போதாது, இன்னொரு சோடிக் கண்ணும் வேண்டும்.

நம் வீடுகளில் "என்னில் என்ன குறை?" என்று கேட்டால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். "உனக்கென்ன குறை ராசா" என்று தலையைத் தடவிவிடுவார்கள், இல்லாவிட்டால் பத்து வருடக் கணக்கை அவிழ்த்துவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்:

"அம்மா, இந்தக் கிழமை நான் உங்களோட எத்தினை தரம் சத்தம் போட்டனான்?"

"ரெண்டு தரம். புதன்கிழமை, பிறகு நேற்று."

"நேற்றோ? நேற்று நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. கதவை அடிச்சனி."

கதவு கொப்பியில் இல்லை. அதைத்தான் அம்மாவிடமிருந்து பெற வேண்டும். பதில் கிடைத்ததும் விளக்கம் சொல்லாதீர்கள், வாதாடாதீர்கள். "சரி அம்மா" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருதரம் வாதாடினால் அடுத்த கிழமை உண்மை வராது. வீட்டில் ஆள் இல்லாமல் போர்டிங்கில் இருப்பவர்கள், கூட வேலை செய்யும் ஒருவரைக் கேட்கலாம். ஆனால் உங்களுக்குக் கீழே வேலை செய்பவரைக் கேட்காதீர்கள், அவர் பயத்தில் நல்லதாகத்தான் சொல்வார்.

படி 8: மாதத்துக்கு ஒரு போயா

இலங்கையில் போயா எனப்படும் ஒவ்வொரு முழுநிலவு நாளும் பொது விடுமுறை. அன்றைக்கு நகரமே கொஞ்சம் மெதுவாகிறது. மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு, வெள்ளை உடுத்திய பௌத்தர்கள் சில் எனும் நோன்பு எடுக்க விகாரைக்குப் போகிறார்கள். மாதக் கணக்குப் பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை. நாட்காட்டியில் தேட வேண்டியதும் இல்லை.

தன்னைத் தானே விசாரிப்பது இந்த நகரத்தில் எந்த ஒரு சமயத்துக்கும் தனிச் சொத்தில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் கத்தோலிக்கர்கள் ஆத்தும சோதனை செய்கிறார்கள். முஸ்லிம்கள் தங்கள் செயல்களுக்குத் தாங்களே கணக்குப் பார்ப்பதை முஹாஸபா என்கிறார்கள். விரத நாளில் வாயைக் கட்டும் சைவர் மனதையும் கட்ட முயல்கிறார். உங்கள் வழக்கத்தில் ஏற்கனவே இப்படியொரு நேரம் இருந்தால் புதிதாக ஒன்றும் ஏற்படுத்த வேண்டாம், கொப்பியை அதோடு சேர்த்துவிடுங்கள்.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது: போன மாதத்தைவிட அந்தச் செயல் கூடியதா குறைந்ததா? எந்த வசனம் வேலை செய்தது, எது வெறும் எழுத்தாகவே கிடக்கிறது? வேலை செய்யாத வசனத்தைத் தயங்காமல் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். வாழைப்பழம் வாங்க மறந்துகொண்டே இருந்தால் காலையிலேயே பையில் போட்டுக்கொள்ளலாம். ஒன்றுமே மாறவில்லையென்றால், அநேகமாகப் படி 3-இல் இடம் பிழைத்திருக்கும். மறுபடியும் ஏழு நாள் பாருங்கள்.

அடுத்த செயலுக்கு எப்போது போவது?

நினைக்காமலே கை போனைப் பையில் போடுகிறதா என்று பாருங்கள். கேற்றைத் தாண்டிய பிறகுதான் "ஓ, போட்டுவிட்டேன்" என்று தெரிந்தால் அந்தச் செயல் ஊறிவிட்டது. அதுவரை இரண்டாவதைத் தொடாதீர்கள். தொடங்கும்போது அதே கொப்பியில் புதுப் பக்கம் திருப்புங்கள். முதல் கிழமை பார்ப்பதற்கு மட்டும் என்ற விதியை இந்த முறையும் விட்டுவிட வேண்டாம். முதற் பழக்கத்தில் கிடைத்த விடையை இரண்டாவதுக்கும் பொருத்திப் பார்க்க மனம் ஆசைப்படும், ஆனால் அதன் இடமும் நேரமும் ஆட்களும் வேறு.